இரண்டு தில்லையடி, இரண்டு தண்டவாளம்

களப்போரத்தில் வளர்ந்தவர்கள் தில்லை மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். பட்டையில் கத்தி பட்டால் போதும், வெள்ளைப் பால் பீறிட்டு வரும். அது கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்ற பயம் வெறும் பாட்டிக் கதையில்லை. தோலில் பட்டாலே எரிந்து கொப்பளிக்கும். உதிரப்போகும் இலை சிவந்து நிற்கும்போது கண்டல் காட்டின் பச்சைக்குள் அந்த மரம் ஒன்றுதான் தனியாகத் தெரியும். சிங்களத்தில் இதற்குத் தெலகிரிய என்று பெயர். அதிலும் ‘கிரி’, அதாவது பால், ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததும் இதே மரந்தான். ஆலடி, புளியடி, வேம்படி என்று மரத்தடியை ஊராக்கிய வழக்கப்படி, புத்தளம் களப்பின் கரையிலும் ஒரு தில்லையடி உண்டானது.

கொழும்பிலிருந்து வரும் ஏ3 வீதியில், பாலாவி கழிந்து புத்தளம் நகரத்துக்குள் நுழையுமுன் இந்த ஊர் வரும். வீதியோடு கூடவே தண்டவாளமும் வரும். பாலாவிக்கும் புத்தளத்துக்கும் நடுவில் கோச்சி நிற்கும் ஒரே இடம் தில்லையடி. ‘புகையிரதம்’ பலகையிலும் அரசாங்கக் கடிதத்திலும் இருக்கும் சொல். வாயில் வருவது கோச்சிதான். இந்தக் கட்டுரையிலும் பலகைச் சொல்லைவிட வாய்ச்சொல்லே கூடுதலாக வரும்.

ஒரு சிறு தரிப்பிடத்துக்கு வரலாறு எழுதுவது கொஞ்சம் வேடிக்கையான வேலை. புத்தளத்துக்கு வரலாறு உண்டு. 1344 இல் இபுனு பதூதா வந்திறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டது இந்தக் கரையில்தான் என்பதைப் பாடசாலைப் பிள்ளையும் சொல்லும். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கையின் ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் ஓர் அகராதி செய்தார். பிராங்க் மொடர் 1908 இல் புத்தளம் மாவட்டத்துக்கென்றே ஒரு கையேடு எழுதினார். முனைக்கும் துறைக்கும் கச்சேரிக்கும் ஏடு இருக்கிறது. தரிப்பிடத்துக்கு அப்படி இல்லை. அது பாதையின் வரலாற்றில் இரண்டு ஊர்ப்பெயர்களுக்கு நடுவே ஒரு காற்புள்ளியாகத்தான் வரும். ஆகவே, பாதையின் கதையைச் சொல்லித்தான் தில்லையடியின் கதைக்கு வர முடியும்.

இலங்கையில் முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பர் 27 இல், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு. கோப்பித் தோட்டத்துக்காக வந்த ரயில் அது. 1867 இல் கண்டி, 1880 இல் மாத்தளை என்று கோப்பியையும் பிறகு தேயிலையையும் தேடி மலையேறிப் போனது. 1895 இல் தெற்குக் கரை, 1905 இல் வடக்குப் பாதை, 1914 இல் மன்னார்ப் பாதை. புத்தளத்துக்கு 1926 இல்தான் வந்தது. முதல் ரயிலுக்கும் புத்தளம் ரயிலுக்கும் இடையில் 62 வருடம்! பதுளை மலை உச்சிக்கே 1924 இல் போய்விட்ட ரயில், பனை உயரத்துக்கு மேல் ஒரு மேடும் இல்லாத இந்தச் சமவெளிக்கு இரண்டு வருடம் பிந்தி வந்திருக்கிறது.

நிலம் கடினம் என்பதால் வந்த தாமதம் இல்லை இது. தண்ணீர் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் களனி ஆற்றிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வாவி என்று கோத்துக்கொண்டு புத்தளம் களப்பு வரைக்கும் வந்தது. உப்பும் கொப்பறாவும் தேங்காயும் தட்டைத் தோணியில் ஏறின. மூன்றும் அவசரப்படாத சரக்கு. இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்குப் போகும், அழுகாது. தோணிக்காரனுக்குக் கொடுக்கும் கூலிக்கு ரயில் எப்படிப் போட்டி போடும் என்று கொழும்பில் கணக்குப் பார்த்தவர்கள் தயங்கியதில் ஆச்சரியம் இல்லை. தோட்டத் துரைமாருக்கு இருந்த குரல் உப்பளத்துக் கூலியாளுக்கு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தயக்கத்தை உடைத்தது தென்னை. கொழும்பு, குருநாகல், புத்தளம் மூன்றையும் முனையாக வைத்துத் தென்னை முக்கோணம் என்று சொல்கிறோமே, அந்த முக்கோணத்தின் கடற்பக்கக் கோட்டில்தான் இந்தப் பாதை ஓடுகிறது. ராகமவில் பெரிய பாதையிலிருந்து பிரிந்து, 1909 இல் நீர்கொழும்பு வரைக்கும், 1916 இல் சிலாபம் வரைக்கும், 1926 இல் புத்தளம் வரைக்கும் என்று துண்டு துண்டாக நீண்டது. வழியிலுள்ள லுணுவிலவில் 1929 இல் தென்னை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது தற்செயல் இல்லை.

நிலையங்களின் பெயரைத் தெற்கிலிருந்து வடக்காக வாசித்துப் பார்த்தால் அதுவே ஒரு சிறு வரலாறு. ஜா-எல, சீதுவ, கட்டுநாயக்க, நாத்தாண்டிய என்று போகும் பட்டியல் சிலாபம் தாண்டியதும் நிறம் மாறுகிறது. ஆனவிழுந்தாவ என்று பலகையில் இருப்பது ஆனைவிழுந்தான். பிறகு புளிச்சாக்குளம், முந்தல், மதுரங்குளி, பாலாவி, தில்லையடி. குளமும் மரமும் விலங்கும் தமிழில் பெயர் பெற்ற கரை இது. ஒரு பக்கம் முன்னேஸ்வரம், இன்னொரு பக்கம் உடப்பு, மேலே கற்பிட்டி. மூன்று மொழிப் பலகையில் மூன்று எழுத்திலும் ஒரே ஒலி வருகிற இடங்களில், எந்த எழுத்து எதைப் பார்த்து எழுதியது என்று யோசித்தபடி சன்னலோரத்தில் இருப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

புத்தளத்தோடு பாதை நின்றது. அதற்கு வடக்கே வில்பத்துக் காடு. காட்டுக்கு அப்பால் மன்னார். தலைமன்னாருக்கு அதற்கு முன்பே ரயில் போய்விட்டது, ஆனால் மதவாச்சி சுற்றி. புத்தளத்தையும் மன்னாரையும் நேரே தொடுக்கும் தண்டவாளம் ஒருநாளும் வரவில்லை. ஆகவே இது போய்த் திரும்பும் பாதை, தாண்டிப் போகும் பாதை அல்ல. இந்த ஒரு விஷயந்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

இனித் தரிப்பிடம். பெரிய நிலையத்துக்கும் தில்லையடி போன்ற தரிப்பிடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், மேடையின் நீளத்தைச் சொல்வார்கள். மெய்யான வித்தியாசம் ஒரு வளையம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் மோதாமல் இருக்க, ‘டப்ளட்’ என்று ஒரு வட்டத் தகடு. எட்வர்ட் டையர் என்ற ஆங்கிலேயர் 1870களில் ஆக்கிய முறை. இலங்கையின் ஒற்றைப் பாதைகள் நெடுங்காலம் அதை நம்பித்தான் ஓடின. இரண்டு நிலையத்திலும் ஒவ்வொரு பெட்டி, இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துவிட்டால், அதைத் திரும்பப் போடும்வரை இரண்டு பெட்டியிலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. தகடு தோற்பைக்குள், பை பெரிய பிரம்பு வளையத்தில். சாரதி கையில் அது இருந்தால்தான் அந்தத் துண்டுப் பாதை அவருக்குச் சொந்தம். நிற்காத ரயிலாக இருந்தால், மேடையில் நிற்பவர் வளையத்தைத் தூக்கிப் பிடிக்க, எஞ்சினிலிருந்து கையை நீட்டி முழங்கையில் கோத்துக்கொண்டு போவதைப் பார்த்த பிள்ளைக்கு அன்றைக்கு முழுவதும் வேறு விளையாட்டு இருக்காது.

அந்த வளையம் கைமாறும் இடந்தான் நிலையம். இரண்டு ரயில் சந்தித்து விலக அங்கே துணைப்பாதை இருக்கும், பொறுப்பதிபர் இருப்பார், மணி இருக்கும். தில்லையடியில் வளையத்துக்கு வேலையில்லை. பாலாவியில் வாங்கியதைப் புத்தளத்தில் கொடுக்கலாம்; நடுவில் நிற்பது பயணிக்காக மட்டும். ரயிலை நிறுத்தி வைக்கவோ அனுப்பி வைக்கவோ தரிப்பிடத்துக்கு அதிகாரம் கிடையாது. வந்தால் ஏறலாம், வராவிட்டால் காத்திருக்கலாம். அதிகாரமில்லாத இடத்துக்கு ஆவணமும் சேராது. காற்புள்ளியாக நின்றுபோனதன் காரணம் இதுதான்.

எஞ்சுவது பயணச்சீட்டு. தோமஸ் எட்மண்ட்சன் 1830களில் கண்டுபிடித்த அந்தத் தடித்த அட்டைச் சீட்டு, உலகமெல்லாம் ஒழிந்த பிறகும் இலங்கையில் பல வருடம் கையில் புழங்கியது. நீளம் ஏறக்குறைய 57 மில்லிமீற்றர், அகலம் 30. புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, தொடரிலக்கம். திகதி மட்டும் கொடுக்கும்போது இயந்திரத்தில் வைத்து ‘டக்’ என்று அழுத்துவார்கள். மை இல்லாத நாளில் வெறும் பள்ளமாக இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். தொடரிலக்கம் இருப்பதால் ஒரு சீட்டையும் ஒளிக்க முடியாது. ஒரு சிறு ஊரிலிருந்து யார் எங்கே போனார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை. ஆனால் இறங்கும் இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். பயணம் முடிந்ததும் சாட்சியும் போய்விடும்.

இப்போது கடலைத் தாண்டி ஒரு பக்கவழி போக வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு வாசகரிடம் தில்லையடி என்றால் அவர் நினைப்பது புத்தளத்தை அல்ல, வள்ளியம்மையை. ஜொஹன்னஸ்பேர்க்கில் பிறந்து, காந்தியின் தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து 1914 பெப்ரவரி 22 இல் பதினாறு வயதில் இறந்த பெண். அவரது தாயின் ஊர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையடி. 1915 இல் காந்தி அந்த ஊருக்கு நேரில் போனார். போனபோது அங்கே ரயில் இல்லை. ரயில் வந்தது 1926 இல்.

ஆம், அதே 1926. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் மீற்றர்கேஜ் கிளைப்பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையடி, பொறையார், பிறகு தரங்கம்பாடி. கடலின் இரு பக்கத்திலும், ஒரே ஆண்டில், ஒரே பெயருள்ள இரண்டு ஊரின் வழியே தண்டவாளம் போயிருக்கிறது. இரண்டு ஊரும் கடலோரம். இரண்டும் பாதை முடியும் இடத்துக்கு முன்னால் கிடப்பவை. இதைக் கண்டபோது முதலில் நம்ப முடியவில்லை. இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சிரித்தேன்.

பெயரும் ஆண்டும் ஒத்துப்போவது தற்செயல். முடிவு ஒத்துப்போகாததற்குக் காரணம் இருக்கிறது.

தரங்கம்பாடிக் கிளை 1986 இல் நின்றது. அறுபது வருட வாழ்வு. அந்தப் பாதை பிறக்கும்போதே பிந்திப் பிறந்த பிள்ளை. தரங்கம்பாடி 1620 இலிருந்து டேனிஷ்காரர் கையில் இருந்து, 1845 இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய துறைமுகம். 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து உள்நாட்டுக்கு ரயில் போனதும் சரக்கெல்லாம் அங்கே சாய்ந்துவிட்டது. 1926 இல் இங்கே ரயில் வந்தபோது ஏற்றி இறக்கக் கப்பல் இல்லை. மிஞ்சியது ஆள் மட்டும்: திருக்கடையூர் கோயிலுக்குப் போகிறவர்கள், பொறையார்ச் சந்தைக்கு வருகிறவர்கள், மாயவரத்தில் படிக்கிற பிள்ளைகள். ஆளை பஸ் சுலபமாகப் பிடுங்கிக்கொள்ளும். வீட்டு வாசலில் நிற்கும், நினைத்த நேரத்தில் வரும். ஆளை மட்டும் நம்பிய கிளைப்பாதை நெடுநாள் தாக்குப்பிடிப்பது அரிது. இங்கிலாந்தில் 1963 இல் பீச்சிங் அறிக்கை வந்தபிறகு ஆயிரக்கணக்கான மைல் கிளைப்பாதையைப் பிடுங்கியதும் இந்தக் கணக்கில்தான்.

புத்தளம் தில்லையடிக்கும் பஸ் வந்தது. ஏ3 வீதி பக்கத்திலேயே கிடக்கிறது, கொழும்புக்கும் புத்தளத்துக்கும் பகலும் இரவும் பஸ். கணக்குப்படி இந்தப் பாதையும் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. காப்பாற்றியது கல்.

புத்தளத்துக்கு வடக்கே அருவாக்காட்டில், காட்டோரத்தில், சுண்ணக்கல் படிவு இருக்கிறது. மயோசின் காலத்துக் கடலடி. கல்லுக்குள் சிப்பியும் கடலுயிரின் எலும்பும் பதிந்திருக்கும். 1960களின் கடைசியில் பாலாவியில் அரசாங்கச் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தபோது, அந்தக் கல்லைக் கொண்டுவரத் தண்டவாளம் புத்தளம் தாண்டி, நூர் நகர் தாண்டி, காட்டுப் பக்கம் நீண்டது. வெட்டும் இடம் வடக்கே, அரைக்கும் இடம் தெற்கே, நடுவில் தில்லையடி. கல் ஏற்றிய நீண்ட வண்டி தரிப்பிடத்தைக் கடந்து போகும், வெறும் வண்டி திரும்பி வரும். எந்தப் பயணச்சீட்டும் இல்லாமல், எங்கும் நிற்காமல், இந்த ஊரின் தண்டவாளத்துக்கு வாடகை கட்டியது அந்த வண்டிதான் என்று சொன்னால் மிகையில்லை. தொழிற்சாலை 1990களில் தனியார் கைக்குப் போனது, ஹோல்சிம் ஆனது, 2016 இல் தாய்லாந்துக் கம்பனியிடம் போய் இன்சி ஆனது. முதலாளி மாறினாலும் கல் மாறவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு பிசகும். கல் காப்பாற்றியது பாதையின் வடக்கு நுனியை மட்டும். தெற்கு நுனியைக் காப்பாற்றுவது வேறு கூட்டம்: கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்துக்கும் கொழும்பு அலுவலகங்களுக்கும் காலையில் போய் மாலையில் திரும்புகிற சீசன் டிக்கெற்காரர்கள். சிலாபத்துக்கும் பாலாவிக்கும் இடைப்பட்ட நடுத்துண்டை இழுத்துப் பிடிக்கக் கல்லும் இல்லை, கந்தோர்க் கூட்டமும் இல்லை. இரண்டு தூணுக்கு நடுவில் தொங்கும் கயிற்றுப் பாலம் மாதிரி அது. அந்த நடுத்துண்டு அறுந்தால், தில்லையடிக்குக் கல் வண்டி மட்டும் வரும், கொழும்புக் கோச்சி வராது. பாதை உயிரோடு இருப்பதும் ரயில் உங்களுக்காக நிற்பதும் ஒன்றல்ல.

இதோடு இன்னொரு ஒப்பீடு. வடக்கில் காங்கேசன்துறையிலும் சுண்ணக்கல் உண்டு, 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை உண்டு, கொழும்பிலிருந்து நேரே வரும் பாதையும் உண்டு. புத்தளத்தைவிடப் பெரிய வாய்ப்பு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது தொழிற்சாலை மூடியது. கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் வவுனியாவுக்கு வடக்கே போவது நின்றது. யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் போனது 2014 ஒக்டோபரில். இருபத்துநான்கு வருடம் தண்டவாளமே இல்லை. இரும்பைக் கழற்றிப் பதுங்குகுழிக்கு வைத்தார்கள், சிலிப்பர்க் கட்டையையும் வைத்தார்கள். கல் இருந்தால் பாதை பிழைக்கும் என்பது சமாதான காலத்துக் கணக்கு.

அந்த 1990 தான் புத்தளம் தில்லையடியையும் மாற்றிய ஆண்டு.

ஒக்டோபர் மாதக் கடைசியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் முழுப்பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் ஒக்டோபர் 30 அன்று ஒலிபெருக்கியில் அறிவித்து இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். நகை, பணம், ஆவணம் எல்லாம் சோதனையில் போயின. ஐந்து மாவட்டத்திலுமாக ஏறக்குறைய 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியே படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தார் நடந்தும் லொறியிலும் வவுனியா வந்து, அங்கிருந்து தெற்கே இறங்கினார்கள். பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்தில் தங்கியது: கற்பிட்டி, பாலாவி, புத்தளம் நகர், தில்லையடி. தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. மூன்று மாதத்தில் ஊர் திரும்பலாம் என்று வந்தவர்கள் அந்தக் கிடுகை எத்தனை முறை மாற்றி வேய்ந்தார்கள்!

தில்லையடியில் தங்கியவர்களில் யாழ்ப்பாணத்தார் பலர். இரும்புக் கடை, தையற்கடை, லொறித் தொழில் என்று நகரத்தில் வாழ்ந்த சனம். அவர்களுக்குக் கோச்சி என்றால் யாழ்தேவி. 1956 இலிருந்து கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் ஓடிய ரயில். சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போன வியாபாரியும், கலியாணத்துக்குப் போன குடும்பமும் அதில்தான் போய்வந்தார்கள். யாழ்தேவி நின்ற அதே ஆண்டில் அவர்கள் இன்னொரு தண்டவாளத்தின் ஓரத்தில் வந்து குடியேற நேர்ந்தது. இந்தப் பாதை வடக்கே போகாது. தில்லையடியில் ஏறி வடக்குப் பக்கம் போனால் அடுத்தது புத்தளம், நூர் நகர், பிறகு கல்லுவெட்டும் காடு. ஊர் திரும்பும் திசையில் தண்டவாளம் காட்டுக்குள் போய் முடிகிறது என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. நிலப்படம் அப்படித்தான் இருக்கிறது.

புத்தளத்தில் அவர்களுக்கு வழங்கிய பெயர் ‘அகதி’. பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் இடம் பங்கிட்டவர்கள் புத்தளத்தார். முதல் நாள் சோறு போட்டவர்களும் அவர்களே. ஆனால் வருடம் ஆக ஆக, அதே குழாயடியில் ‘நீங்கள்’, ‘நாங்கள்’ என்ற கோடு விழுந்தது. கூலி குறைந்தது, காணி விலை ஏறியது, பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்டக் கணக்கில் சண்டை வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், தாமே வெளியேற்றப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், இந்த இடப்பெயர்வின் எண்ணிக்கையையும் இழப்பையும் வருடக்கணக்காகச் சேகரித்தார். அவர் 2018 இல் காலமானார். பிரஜைகள் ஆணைக்குழு 2011 இல் இந்த வெளியேற்றம் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. 2007 இலிருந்து உலக வங்கிக் கடனில் வீடு கட்டிக்கொடுக்கும் திட்டம் நடந்தது. கிடுகு போய்க் கல்வீடு வந்தது. தில்லையடி கிராமமாக இருந்த நிலை மாறி நகரத்தின் புறமாக விரிந்தது.

தரிப்பிடம் அப்படியேதான் இருந்தது. சனத்தொகை பல மடங்கானால் ரயில் நிலையமும் பெருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். இங்கே வந்தவர்கள் ரயிலில் வரவில்லை. பிழைப்புக்குப் போனதும் பெரும்பாலும் பஸ்ஸிலும் லொறியிலும். உப்பளக் கூலிக்கும் வெங்காயத் தோட்டக் கூலிக்கும் கற்பிட்டிப் பக்கம் போக வேண்டும்; அந்தப் பக்கம் தண்டவாளமே இல்லை. கற்பிட்டிக் குடாநாட்டில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கி, இன்று 900 மெகாவாட் திறனுள்ளது. அதற்கான நிலக்கரி கூடக் கப்பலில் கடல்வழி வந்து இறங்குகிறது, ரயிலில் அல்ல. நிலக்கரிக்காகவே பிறந்த வாகனம் ரயில். அதன் பாதையிலிருந்து சில மைல் தூரத்தில் நிலக்கரி எரிகிறது, ரயிலுக்கு அதில் பங்கில்லை.

பங்கு கிடைத்தது குப்பையில். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன்பின் கொழும்புக் குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு அரசாங்கம் காட்டிய விடை அருவாக்காடு: கல்லெடுத்த பள்ளங்கள் இருக்கின்றன, தண்டவாளமும் இருக்கிறது, கொள்கலனில் அடைத்து ரயிலில் ஏற்றினால் போதும். களனிப் பக்கத்தில் ஏற்றி, 170 கிலோமீற்றர் வரை இழுத்து, இந்தப் பாதையின் எல்லா ஊரையும் தாண்டி. புத்தளம் 2018 இலும் 2019 இலும் தெருவில் இறங்கியது. கறுப்புக் கொடி, கடையடைப்பு, மாதக்கணக்கான சத்தியாக்கிரகப் பந்தல். ஊர்க்காரரும் அகதியாக வந்தவரும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிமும் ஒரே பந்தலில் இருந்தது அந்த மாவட்டத்தில் அடிக்கடி காணக் கிடைக்கிற காட்சி இல்லை. சீமெந்துப் புகை, அனல்மின் சாம்பல், இப்போது குப்பை: மூன்றாவதை மட்டும் அவர்கள் எதிர்க்கவில்லை, முதல் இரண்டுக்கும் எதிராகச் சேர்த்தே குரல் கொடுத்தார்கள்.

அந்தப் போராட்டத்தை ரயில் வரலாற்றுக்குள் கொண்டுவருவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். எனக்கு அதுதான் இந்தப் பாதையின் சுருக்கம். 1926 இல் தேங்காயை நம்பி வந்த தண்டவாளம், பிறகு கல்லை நம்பிப் பிழைத்து, கடைசியில் குப்பைக்கு வழியாகக் காட்டப்பட்டது. மூன்றுமே வடக்கும் தெற்குமாகத் தில்லையடியைத் தாண்டிப் போகிற சரக்கு. ஒன்றும் தில்லையடியில் இறங்குவதில்லை. காந்தி போன தில்லையடியில் சரக்கில்லாமல் பாதை செத்தது. அகதி வந்த தில்லையடியில் சரக்கால் பாதை பிழைத்தது, ஊருக்கு அதனால் கிடைத்தது தூசும் இரைச்சலும் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை ஏறுகிற வசதியும். எது நல்ல விதி என்று என்னிடம் கேட்டால், ஓடுகிற ரயிலின் பக்கந்தான் நிற்பேன். மாயவரத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றும் தங்கள் பாதையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தண்டவாளம் இருந்த நிலத்தில் வீடும் வேலியும் வந்தபிறகு கேட்பது எவ்வளவு கடினம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தக் கரையில் இன்னும் கேட்கும் நிலை வரவில்லை. அதற்குள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை உண்டு. தில்லையடி, பாலாவி, மதுரங்குளிப் பக்கத்து வீடுகளில், பழைய குர்ஆன் உறைக்குள்ளோ தகரப் பெட்டிக்குள்ளோ கணக்குக் கொப்பிக்குள்ளோ, இறங்கும் இடத்தில் கொடுக்க மறந்த அட்டைச் சீட்டு ஒன்று கிடக்கலாம். கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில், யார் எதற்காக எங்கே போனார்கள் என்பதைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.